தகவல் மட்டும் தரவும்

ஜூன் 14, வெள்ளி

வெள்ளிக்கிழமை கடைசி மணியில் இலக்கணம் எடுத்தால் பாதிப் பிள்ளைகள் தூங்கிவிடும். முப்பத்திரண்டு வருட அனுபவம். அதனால் இன்று எட்டாம் வகுப்புக்குப் பிழை நோட்டைக் கொண்டுபோனேன். பத்திரிகைகளில் வரும் கோணல் தலைப்புகளையும் விளம்பரங்களையும் வெட்டி ஒட்டிவைக்கும் நோட்டு. இது நான்காவது.

"நாய் கடித்த தாசில்தாருக்குத் தீவிர சிகிச்சை" என்று கரும்பலகையில் எழுதினேன்.

"தாசில்தார் எதுக்கு டீச்சர் நாயக் கடிச்சாரு?" என்று எழுந்தாள் முத்தழகி.

"கடிபட்டது நாய்னா நாய்க்குத்தான டீச்சர் சிகிச்சை குடுக்கணும்?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

மூன்று பாடவேளை எடுத்துக்கொள்ளும் எழுவாயும் செயப்படுபொருளும் ஐந்து நிமிடத்தில் முடிந்தன.

வீட்டுக்கு வந்து இவருக்கும் ஒன்று வாசித்துக் காட்டினேன். ஒரு மெஸ்ஸின் விளம்பரம்: "எங்களிடம் ஒருமுறை சாப்பிட்டவர் மறுமுறை வேறெங்கும் சாப்பிட மாட்டார்." வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இதே விளம்பரத்துக்கு நேற்றும் இப்படித்தான் சிரித்தார். முந்தாநாளும்.

மறதி நோய் என்று டாக்டர் சொல்லிப் பதினெட்டு மாதம் ஆகிறது. மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருடம் கம்பம் ஏறிய மனிதர். இப்போது பகல் முழுக்க மாரித்தாய் வந்து பார்த்துக்கொள்கிறாள். நான் வந்ததும் கிளம்பிவிடுவாள்.

ஜூன் 19, புதன்

சாம்பாரில் இரண்டு முறை உப்பு. ஒன்று நான் போட்டது, ஒன்று இவர் போட்டது. ரேஷனில் துவரம்பருப்பு வந்துவிட்டதாம். சனிக்கிழமை போக வேண்டும்.

ஜூன் 21, வெள்ளி

போன் நம்பர் எழுதிய அட்டையை இவர் சட்டைப் பையில் வைத்துவிடுவது என்று ஏற்பாடு. மூன்றாவது அட்டையையும் இன்று துண்டு துண்டாகக் கிழித்து ஜன்னலில் அடுக்கி வைத்திருக்கிறார்.

போன மாதம் சாத்தூர் வரை போய்விட்டார். ஒரு நல்ல மனிதர் விசாரித்து, விருதுநகர் பஸ்ஸில் உட்காரவைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். நான் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். பஸ் வந்தது, இவர் வரவில்லை. வழியில் இறங்கிவிட்டார். சாயங்காலம் ஆர்.ஆர். நகரில் ஒரு டீக்கடை பெஞ்சில் கிடைத்தார். இனி யார் கண்டாலும் இவரைத் தனியாக அனுப்பக் கூடாது. நாங்கள்தான் போய் அழைத்துவர வேண்டும்.

ஜூன் 23, ஞாயிறு

இவர் துணி ஊறவைக்க உதவினார். வாளிக்குள் வேட்டி, துண்டு, என் புடவை, எட்டாம் வகுப்பு அலகுத் தேர்வு விடைத்தாள்கள் நாற்பத்திரண்டு.

கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்பதை எழுத வேண்டியதில்லை.

தாள்களைக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்திருக்கிறேன். மை கரைந்து எல்லாம் ஒரே நீலம். மகள் தேன்மொழி ஓசூரிலிருந்து பேசினாள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

ஜூன் 24, திங்கள்

இவரைக் காணவில்லை. எட்டேகாலுக்கு நான் பள்ளிக்குக் கிளம்பினேன். எட்டரைக்கு மாரித்தாய் வந்தபோது கதவு திறந்து கிடந்ததாம். மஞ்சள் பையும் டார்ச் லைட்டும் இல்லை.

ஜூன் 25, செவ்வாய்

நேற்று முழுக்க பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன், ஆஸ்பத்திரி. போலீஸில் புகார் எழுதிக்கொண்டார்கள். கனிவாகத்தான் பேசினார்கள். தேன்மொழி காலையில் வந்து இறங்கினாள். "பேப்பர்ல போடுவோம்மா" என்றாள்.

பத்திரிகை விளம்பர அலுவலகத்தில் கார்மேகம் என்பவர் இருந்தார். அவரே எழுதுவதாகச் சொன்னார். "நான் தமிழாசிரியை, நானே எழுதிக்கொள்கிறேன்" என்று தாளை வாங்கி, நின்ற வாக்கிலேயே எழுதிக் கொடுத்தேன். சாத்தூரில் நடந்ததை நினைவில் வைத்துக்கொண்டுதான் எழுதினேன்.

ஜூன் 26, புதன்

விளம்பரம் வந்துவிட்டது. இங்கே ஒட்டியிருக்கிறேன்.

"காணவில்லை. என் கணவர் திரு. சு. இராசமாணிக்கம் (66), ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர். மாநிறம், ஒல்லியான உடல், இடது புருவத்தில் தழும்பு. ஞாபக மறதி உள்ளவர். இவரைக் கண்டவர்கள் திருப்பி அனுப்ப வேண்டாம். தாங்களே வைத்துக்கொண்டு தகவல் மட்டும் தரவும். இப்படிக்கு, மனைவி செண்பகவல்லி, விருதுநகர்."

கீழே என் போன் நம்பர். அச்சு தெளிவு. படம்தான் கொஞ்சம் இருட்டு. அருப்புக்கோட்டையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். போய்ப் பார்த்தோம். இவர் இல்லை. அவரும் யாருடைய கணவரோ, கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

ஜூன் 27, வியாழன்

காலை ஆறேமுக்காலுக்கு முதல் போன். இளவட்டக் குரல்.

"அம்மா, விளம்பரம் பாத்தேன். நாங்களே வெச்சுக்கிறோம். எத்தன வருஷம் வாரண்டி?"

பின்னால் நாலைந்து பேர் சிரிக்கும் சத்தம். எனக்குப் புரியவில்லை. "தம்பி, எந்த ஊர்லருந்து பேசுறீங்க? அவரு அங்க இருக்காரா? சாப்பிட்டாரா?" என்று கேட்டேன். வைத்துவிட்டான்.

அடுத்து ஒரு பெண். "எங்க வீட்டுக்காரரையும் அனுப்பி வைக்கட்டுமாக்கா? ரெண்டு பேரையும் சேத்து யாராச்சும் வெச்சுக்கட்டும்."

பத்து மணிக்குத் தேன்மொழி தன் போனைக் காட்டினாள். என் விளம்பரத்தைப் படம் எடுத்து, கடைசி இரண்டு வரிகளைச் சிவப்பில் வட்டமிட்டு, மேலே "உலகின் நேர்மையான மனைவி" என்று எழுதியிருந்தார்கள். அதை யார் யாரோ யார் யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் வாசித்தேன். அதாவது, எழுதியவளாக இல்லாமல் வாசித்தேன்.

"ஃபோன ஆஃப் பண்ணிரும்மா" என்றாள் தேன்மொழி.

"அப்பாவுக்கு எதாவது ஒரு நம்பர் ஞாபகம் இருந்தா அது இதுதான்" என்றேன்.

இன்று நாற்பத்தொரு அழைப்பு. எதில் நிஜமான தகவல் இருக்கும் என்று தெரியாததால் எல்லாவற்றையும் எடுத்தேன். எல்லா எண்களையும் இந்த டைரியின் பின்பக்கத்தில் குறித்திருக்கிறேன்.

ஜூன் 28, வெள்ளி

விளம்பர அலுவலகத்துக்குப் போனேன்.

"நான் எழுதிக் குடுத்ததுல 'நாங்கள் வந்து அழைத்துக்கொள்கிறோம்'னு ஒரு வரி இருந்துச்சு. இடம் பத்தலன்னு வெட்டிட்டீங்க" என்றேன்.

கார்மேகம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். என் கையெழுத்து. கடைசி இரண்டு வரிகள் அப்படியே அச்சில் வந்ததுபோல. அழைத்துக்கொள்வதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இரண்டு முறை திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளை.

"என் மேலயும் தப்பு இருக்கு டீச்சர்" என்றார். "வாசிக்கிறப்ப லேசா இடிச்சுச்சு. தமிழ் டீச்சர் எழுதுனது, நாம என்னத்தச் சொல்லன்னு விட்டுட்டேன். என் மக உங்க ஸ்கூல்தான், ஏழாவது."

"திருத்தம் போடுங்க."

"நாளைக்கே போட்டுர்றேன். ஆனா ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. சிரிக்கிறவன் உங்க வீட்டுக்காரர் படத்தையும் சேத்துத்தான் டீச்சர் அனுப்புறான். திருத்தத்த எவனும் அனுப்ப மாட்டான்."

எனக்கு அது ஆறுதலாக இல்லை. என் வீட்டுத் துயரம் ஊர் வாயில் கிடக்கிறது, அதில் என்ன லாபம் என்று கேட்டுவிட்டு வந்தேன். பிறகு யோசித்தால், அவரிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டாம்.

ஜூன் 29, சனி

திருத்தம் வந்தது. பிழையே இல்லாத தமிழ். ஒரு போன்கூட வரவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

ஒரு வாரம் ஆகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை என்ன கத்தினேன் என்பதை எழுதிவிடுகிறேன்.

"என்னால முடியலங்க. யாராவது கூட்டிட்டுப் போய் வெச்சுக்கட்டும்" என்றேன்.

இவர் ஒரு விடைத்தாளைக் கைக்குட்டைபோலப் பிழிந்துகொண்டிருந்தார். "நான் எங்க போகட்டும் வல்லி?" என்று கேட்டார். கேலியாக இல்லை. இடம் தெரிந்தால் போகலாம் என்பதுபோலக் கேட்டார். நான் பதில் சொல்லாமல் கொடியில் தாள் போட்டேன். மறுநாள் காலை அவர் கிளம்பிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து விளம்பரம் எழுதும்போது "வைத்துக்கொண்டு" என்ற சொல்லை எங்கிருந்து எடுத்தேன்? சாத்தூரிலிருந்து என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

தேன்மொழியிடம் இதைச் சொன்னேன். கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"நான் மட்டும் என்னம்மா செஞ்சேன்" என்றாள். "ஒன்றரை வருஷமா நீயே வெச்சுக்கிட்டு எனக்குத் தகவல் மட்டும் சொன்னாப் போதும்னுதான இருந்தேன்."

குழாயை மூடினேன். இரண்டு பேரும் சமையலறைத் தரையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

ஜூலை 1, திங்கள்

மாலை நாலு பத்து. பள்ளியில் ஆசிரியர் அறையில் இருந்தேன். ஒரு பெண் குரல்.

"ஆன்ட்டி, தயவுசெஞ்சு வெச்சுராதீங்க. இது கிண்டல் இல்ல. நான் ஜெனிட்டா, மணப்பாறைலருந்து பேசுறேன். எங்க மாவு மில்லுல ஒருத்தர் இருக்காரு. இடது புருவத்துல தழும்பு இருக்கு. பேரு ராஜுன்னு சொல்றாரு."

ராஜு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூட வேலை பார்த்தவர்கள் இவரை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். எங்கள் கல்யாணத்துக்கு வந்த பழைய சிநேகிதர் ஒருவர் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறேன். இவருடைய முதல் வேலை மணப்பாறையில். எனக்கு ஏன் அது தோன்றவில்லை.

"அவருகிட்ட குடுங்கம்மா" என்றேன்.

கொஞ்சம் இரைச்சல். பிறகு இவர் குரல். "வல்லி, டியூட்டி இன்னும் முடியல. நீ சாப்பிட்டுரு, எனக்காகக் காத்திருக்காத."

தலைமையாசிரியை வந்து என் கையிலிருந்து போனை வாங்கி விலாசம் குறித்துக்கொண்டார்.

ஜூலை 2, செவ்வாய்

காலை ரயிலில் நானும் தேன்மொழியும் போனோம். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் ஐந்து நிமிடம். சின்ன மாவு மில். வாசலில் சவரியம்மாள் நின்றிருந்தார். ஜெனிட்டாவின் அம்மா, மில்லை நடத்துபவர். ஐம்பது வயது இருக்கும். தலைமுடி, புருவம் எல்லாம் அரிசி மாவு.

உள்ளே இவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இவரும் அப்படியே வெள்ளை. யாருடையதோ கட்டம் போட்ட சட்டை, சுத்தமாகத் துவைத்தது. முகச்சவரம் செய்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து சவரியம்மாளிடம் சொன்னார்: "இது என் வீட்டுக்காரி. டீச்சர்."

ஒரு வாரமாக நான் அழவில்லை. அங்கே அழுதேன்.

சவரியம்மாள் டீ போட்டுக்கொடுத்துவிட்டுச் சொன்னார். "போன வாரம் திங்கக்கெழம மத்தியானங்க. எதுத்தாப்புல அந்தக் கரண்டுக் கம்பம் இருக்குல்ல, அதுக்குக் கீழ நின்னு மேலயே பாத்துக்கிட்டு இருந்தாரு. என்னா வெயிலு. உள்ள வாங்கண்ணேன்னேன், வரல. அப்புறம் நம்ம மெசின் சத்தம் கேட்டுத் தானா வந்தாரு. 'பெல்ட்டு லூசா இருக்கு, நிறுத்து'ன்னாரு. நிறுத்திப் பாத்தா நெசமாவே லூசு."

"போலீஸ்ல சொல்லலையா ஆன்ட்டி?" என்று கேட்டாள் தேன்மொழி.

"அன்னிக்கே எழுதிக் குடுத்தோம்மா. அவங்களும் ராஜுங்கற பேர வெச்சு விசாரிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. காப்பகத்துல விடலாம்னும் சொன்னாங்க. நாந்தான், சாப்புடறாரு, தூங்குறாரு, யாருக்கு என்ன தொந்தரவு, வீட்டாளுங்க வர்ற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்னேன்."

எங்கள் விளம்பரம் வந்தது மதுரைப் பதிப்பில். மணப்பாறைக்கு அந்தப் பதிப்பு வராது. வந்ததெல்லாம் அந்தக் கேலிப் படம்தான். ஜெனிட்டாவுடன் படித்தவர்களின் வாட்ஸப் குழுவுக்கு நேற்று மதியம் வந்திருக்கிறது.

"சாரி ஆன்ட்டி, நானும் சிரிச்சேன்" என்றாள் அந்தப் பெண். இருபத்து மூன்று, நான்கு வயது இருக்கும். முகத்தை நேராகப் பார்க்கவில்லை. "படம் இருட்டா இருந்துச்சு, முகத்தக் கவனிக்கல. அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டுனேன். புருவத்துல தழும்புன்னு வந்ததும் அம்மா போனப் புடுங்கிட்டாங்க."

சவரியம்மாள் என்னைப் பார்த்தார். "இந்தப் புள்ளைங்க எதுக்குச் சிரிக்குதுன்னு எனக்கு வெளங்கலங்க. 'தனியா அனுப்பிறாதீங்க, கூடவே வெச்சுக்கிட்டு சேதி சொல்லுங்க'ன்னு தான எழுதியிருக்கீங்க? மறதி உள்ள ஆளத் தனியா அனுப்ப முடியுமா. நாங்க அதத்தான் செஞ்சோம்."

ஆயிரம் பேர் வாசித்த என் விளம்பரத்தை, நான் எழுத நினைத்த பொருளில் வாசித்தவர் சவரியம்மாள் ஒருவர்தான். என்னைவிட நன்றாக வாசித்திருக்கிறார்.

அவருடைய கைகளைப் பிடித்துக்கொண்டேன். என் கையெல்லாம் மாவு ஆனது. கொண்டுபோயிருந்த கவரை நீட்டியபோது, "பெல்ட்டு மாட்டிக் குடுத்ததுக்கு நாங்கதான் அண்ணனுக்குத் தரணும்" என்று மடக்கிவிட்டார். கிளம்பும்போது இவர் மில்லின் சுவிட்ச் போர்டைத் தொட்டுப் பார்த்து, "ஈரக் கையோட இதத் தொடக் கூடாது, பசங்ககிட்ட சொல்லிவை" என்று சவரியம்மாளிடம் சொல்லிவிட்டு வந்தார். அவரும் "சரிண்ணே" என்றார்.

ரயிலில் இவர் ஜன்னலோரம். திண்டுக்கல் தாண்டியதும் நான் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேச்செடுத்தேன். "அன்னிக்கு நான் அப்படிச் சொன்னது தப்புங்க."

"என்ன சொன்ன?"

என்ன சொன்னேன் என்று திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். இவர் யோசித்தார். "வேலைக்குப் போற பொம்பள. அசதி இருக்கும்ல" என்றார். பிறகு கடலை வேண்டும் என்றார்.

ஜூலை 4, வியாழன்

மறுதேர்வு வைத்தேன். நாற்பத்திரண்டு பேரும் முணுமுணுக்காமல் எழுதினார்கள். மாரித்தாய் இனி நான் கிளம்புவதற்கு முன்பே வந்துவிடுவாள். தேன்மொழி மாதத்தில் பத்து நாள் இங்கிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கியிருக்கிறாள். அவளுடைய மேசையைக் கூடத்தில் போட்டாயிற்று. இவர் அதற்கு ஒரு பிளக் பாயின்ட் வைக்க வேண்டும் என்று மூன்று முறை அளந்துவிட்டார்.

கார்மேகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். "கெடச்சுட்டாரா, அது போதும் டீச்சர்" என்று எழுந்து நின்றுவிட்டார்.

ஜூலை 6, சனி

காலையில் வேலைகள் முடிந்ததும் டைரியின் பின்பக்கத்தைத் திருப்பி, அந்த நாற்பத்தொரு எண்களுக்கும் போன் செய்ய உட்கார்ந்தேன். தேன்மொழிக்குப் பிடிக்கவில்லை. "கிண்டல் பண்ணவங்களுக்கா?" என்றாள்.

"அவங்க அனுப்பலேன்னா அந்தப் படம் மணப்பாறைக்குப் போயிருக்காது" என்றேன். "அவரு கிடைச்சுட்டாருன்னு சொல்லணும். நன்றியும் சொல்லணும்."

பாதிப் பேர் எடுக்கவில்லை. சிலர் நான் யார் என்று சொன்னதும் வைத்துவிட்டார்கள். தன் வீட்டுக்காரரையும் அனுப்புவதாகச் சொன்ன பெண் எடுத்தார். கோவில்பட்டியாம். "அக்கா, கிடைச்சுட்டாரா" என்று இரண்டு முறை கேட்டார். உடம்பு எப்படி, என்ன சாப்பிடுகிறார், ராத்திரி தூங்குகிறாரா என்று விசாரித்தார். வைக்கும்போது, "எங்க வீட்டுக்காரரு நல்லவருதாங்க்கா, சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்றார்.

பிறகு முதல் எண். வாரண்டி கேட்ட பையன். போன வாரம் வியாழக்கிழமை காலை பேசியவள் என்று நான் சொன்னதும் வைத்துவிடுவான் என்று நினைத்தேன்.

"கிடைச்சுட்டாராம்மா?" என்றான்.

"கிடைச்சுட்டாருப்பா. வீட்டுல இருக்காரு. நீங்கள்லாம் அந்தப் படத்த அனுப்புனதாலதான். அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"நீங்க அன்னிக்குத் திட்டியிருந்தா மறந்திருப்பேன்மா. 'அவரு அங்க இருக்காரா, சாப்பிட்டாரா'ன்னு கேட்டீங்க. அதுக்கப்புறம் சிரிக்க முடியல. எனக்கு திண்டுக்கல்லுல மில்லு வேலை. ஷிப்டு முடிஞ்சதும் தினமும் பஸ் ஸ்டாண்டுல ஒரு சுத்து சுத்திட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். படத்தக் காட்டி விசாரிச்சேன். நேத்துகூடப் போனேன். உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

பேர் கேட்டேன். தமீம் என்றார். நான் சொல்லவிருந்த நன்றி எனக்கே போதாததாகத் தெரிந்தது.

இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "யாரு?" என்று கேட்டார்.

"திண்டுக்கல்லுலருந்து தமீம்னு ஒரு தம்பி. உங்களத் தேடுனாராம்."

போனைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "சொல்லுப்பா, எங்க லைன் போயிருக்கு?" என்றார். பிறகு மழைநாளில் கம்பம் ஏறுவது எப்படி, எந்தக் கையை முதலில் வைக்க வேண்டும், கீழே நிற்பவன் கண்ணை எடுக்கக் கூடாது என்றெல்லாம் விளக்கிக்கொண்டே போனார். நான் வெண்டைக்காய் நறுக்கி முடித்தேன். இடையில் ஒரு தடவைகூட அந்தத் தம்பி வைத்துவிடவில்லை. சரிங்கய்யா, சரிங்கய்யா என்று அவர் குரல் வெளியே கேட்டுக்கொண்டே இருந்தது.

பட்டியலில் இன்னும் பத்தொன்பது பேர் எடுக்கவில்லை. நாளை ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் இருப்பார்கள்.